பாலைப்பழமும் பாலைத்திணையும்: வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, நகரத்தில் இருந்துகொண்டு இயற்கையை எழுதுவது ஊரில் இருந்து எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குத்தான் இவ்வளவு பிடிபிடித்திருக்கிறீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு கடிதத்தோடு ஒரு பை பாலைப்பழமும் வந்தது. அனுப்பியவர் பெயர் போடவில்லை, பழத்தின் பால் பட்டு உறை மேசையோடு ஒட்டிக்கொண்டது, பழம் முடிந்துவிட்டது.

தமிழில் நகரத்துக்கு என்று ஒரு திணை கிடையாது. மலை, காடு, வயல், கடல், அவ்வளவுதான். அப்படியென்றால் நகரம் நமது இலக்கியத்துக்கு வெளியில் நிற்கிற ஒன்றுதானே?
(பல்கலைக்கழக மாணவி, முள்ளியவளை)

பிள்ளை, மருதம் என்றால் வயல் என்று படித்து அதோடு நிறுத்திவிட்டதால் வந்த கேள்வி இது. மருதத்தில் வயலோடு ஊரும் இருக்கிறது. கணவன் வேறு வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் வந்து நிற்க, மனைவி கதவைத் திறக்காமல் ஊடுகிறாளே, அதெல்லாம் நெல் மிஞ்சிய இடத்தில் நடக்கிற கதைதான். நெல் மிஞ்சினால் சந்தை வரும், சந்தை வந்தால் நகரம் வரும். நெய்தலும் அப்படியே, மீன்பிடிக்கிற பாக்கம் வளர்ந்தால் பட்டினம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையை எடுத்துப் பாருங்கள், 301 அடிதான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்திருக்கும் பொருட்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது "ஈழத்து உணவும்" என்று ஒரு சொல் விழுகிறது. என்ன உணவு என்று அவர் சொல்லவில்லை. நெல்லாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவது என் வன்னிப் புத்தி. அதைவிட எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகளை, லாயத்தில் குதிரை கட்டுவதுபோல் வரிசையாகக் கழிக்கரையில் கட்டியிருக்கிறார்கள். அப்புறம், காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழிக்கு ஒரு வீட்டுப்பெண் காதில் கிடந்த குழையைக் கழற்றி எறிகிறாள், அது வழியில் கிடந்து சின்னப் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்றுகால் தேரைத் தடுக்கிறது. செல்வம் கொழிக்கிற ஒரு நகரத்தைக் காட்ட அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு கோழி, ஒரு பிடி தானியம், ஒரு நகை. கிளிநொச்சியிலும் அறுவடை முடிந்தால் தார்ரோட்டின் ஒரு கரையில் நெல் காயும். கோழிக்கு எறிய எங்களிடம் இருப்பது செருப்பு.

நக்கீரரின் நெடுநல்வாடையும் அப்படித்தான். நாள்கணக்காக மழை, சூரியனே தெரியவில்லை, நகரத்து மாளிகைக்குள் இருக்கிற பெண்களுக்குப் பொழுது பட்டதா இல்லையா என்று தெரியாது. பித்திகப்பூ அவிழ்ந்து மணக்கிறதை வைத்து மாலை வந்துவிட்டது என்று கண்டுபிடித்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறாவுக்கு அதுவும் புரியவில்லை, இரவு எது பகல் எது என்று மயங்கி நின்ற இடத்திலேயே கால்மாற்றி நிற்கிறது. பாட்டு மழையில் நனைகிற ஆயர்களிடம் தொடங்கினாலும், நக்கீரர் அதன் பெரும்பகுதியில் நகரத்துத் தெருவிலும் வீட்டுக்குள்ளும் நின்றே வாடைக்காலத்தை எழுதிவிட்டார்.

இப்போதைய நகரக் கதைகளில் எனக்கு இருக்கிற குறை வேறு. ஆட்கள் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், அரிசியும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. விதிவிலக்கு உண்டு. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஆறும் மலையும் தேடினால் கிடைக்காது. சென்னைத் தெருவொன்று, குழாயில் தண்ணீர் வராத நாட்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற பெண்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் அது மழையைப் பற்றிய நாவல். மழை பெய்யாவிட்டால் ஒரு நகரத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது அதில் இருக்கிறது.

பாலை என்றால் வரண்ட நிலம் என்று சேர் படிப்பிக்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாலைமரம் நிற்கிறது, பழம் தேன்போல இருக்கும். சோதனையில் எதை எழுத?
(உயர்தர மாணவன், ஒட்டுசுட்டான்)

தம்பி, சோதனையில் சேர் சொன்னதை எழுது. புள்ளி அதற்குத்தான். மிச்சத்தை இங்கே பேசுவோம்.

தொல்காப்பியம் நிலத்தைப் பிரிக்கும்போது பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை, நடுவில் இருக்கிற அதை விட்டுவிட்டு மற்ற நான்குக்கும்தான் பங்கு. பிறகு இளங்கோவடிகள், காடுகாண் காதையில், அது எப்படி உண்டாகிறது என்று சொன்னார்: "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் உறுத்துப், பாலை என்பதோர் படிவம் கொள்ளும்". அதாவது பாலை என்று தனியாக ஒரு இடம் கிடையாது. நல்ல காடு கெட்டால் அது பாலை. போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, தலையில்லாத தென்னையும் எரிந்த வடலியும் நிற்க, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று சொந்த வளவைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று வரிக்கும் உரை தேவைப்படாது. உன் அம்மாவைக் கேட்டுப்பார்.

மரத்தின் கதை வேறு. சங்கப் பாட்டில் வருகிற பாலைமரம் வெட்பாலை வகை என்று சொல்வார்கள். நமது காட்டில் நிற்பது வேறு மரம், தமிழ்நாட்டில் அதை உலக்கைப்பாலை என்பார்கள், வைரம் பாய்ந்த கட்டை, கோடரி திரும்பி வரும். பெயர் ஒன்றாகிவிட்டது தற்செயல்தான், ஆனால் எப்படிப்பட்ட தற்செயல் பார். பாலைத்திணைக்குரிய பெரும்பொழுது வேனில். நமது பாலை பழுக்கிறதும் காண்டாவன வெயில் தொடங்கி, சோளகம் வீசி, குளங்கள் வற்றி, மாடுகள் எலும்பும் தோலுமாகிற அதே மாதங்களில். காடு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு மரத்தின் கீழே மஞ்சளாகக் கொட்டிக்கிடக்கும். கரடிக்கும் அது தெரியும், அதனால் பழம் பொறுக்கப் போகிறவர்கள் தனியாகப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்தே நீ ஒரு கதை எழுதலாம். எழுதினால் எனக்கு அனுப்பு. "பாலைவனம்போல என் மனம்" என்று மட்டும் தொடங்காதே.

ரொறன்ரோவில் பிறந்த பேரன் தமிழில் கவிதை எழுதுகிறான். எல்லாவற்றிலும் பனை, வயல், கிணற்றடி. இங்கே ஒரே ஒரு தடவைதான் வந்தவன், அதுவும் நாலு வயதில். மகள் வாசித்துவிட்டு அழுகிறாள். எனக்கென்னவோ பிள்ளை பொய் எழுதுகிறான் போல இருக்கிறது. சொல்லலாமா, விடலாமா?
(ஓர் அம்மம்மா, மல்லாவி)

அம்மா, முதலில் அவன் தமிழில் எழுதுகிறான் என்பதற்காக நீங்கள் ஒரு பொங்கல் வைக்கலாம். பிறகு சொல்லுங்கள், மெதுவாக.

அவனில் பிழை இல்லை. நானும் அதையேதான் செய்தேன், அவ்வளவு தூரம்கூடப் போகாமல். படிக்கிற காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு மரம், அந்தப் பக்கம் ரயில்பாதை, கடல். அந்த அறையில் இருந்து நான் எழுதியதெல்லாம் குளக்கட்டும் மருதமரமும் மாட்டுப்பட்டியும். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் திருப்பி அனுப்பியபோது பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: உங்கள் அறை வாசலில் என்ன மரம் நிற்கிறது? எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் எனக்குப் பதில் தெரியாததுதான். கடைசியில் சந்தியில் நிற்கிற ஆட்டோக்காரர் சொன்னார், கொட்டம்பா என்று. நமது புத்தகங்களில் அது வாதுமை. காய் விழும்போது தகரக்கூரையில் வெடிச்சத்தம் கேட்கும், அந்த நாட்களில் அந்தத் தெருவில் தமிழ்ப் பொடியன்கள் இருந்த எல்லா அறைகளிலும் ஒரு நிமிடம் பேச்சு நின்று பிறகு தொடங்கும். மூன்று வருடம் அந்தச் சத்தத்தோடு இருந்துவிட்டு நான் மருதமரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்! கொழும்பில் ஒரு தமிழனாக இருப்பது எப்படி இருந்தது என்று சொல்ல அந்த மரம் ஒன்றே போதுமாக இருந்திருக்கும், பெயரைச் சிங்களத்தில்தான் கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்து.

புலம்பெயர்ந்து போன எழுத்தாளர்கள் பனி கொட்டுகிற நிலத்தை ஆறாம் திணை என்று சொல்லத் தொடங்கிக் கனகாலமாகிவிட்டது. 1994இல் வந்த புலம்பெயர் கதைத் தொகுப்பின் பெயரே 'பனியும் பனையும்'. ஆனால் அது வளர்ந்த வயதில் அங்கே போய் இறங்கியவர்களின் திணை, அவர்களுக்குப் பனி என்றால் இழப்பு. உங்கள் பேரனுக்கு அது பள்ளிக்கூடம் போகிற வழி, பந்துபிடித்து எறிகிற சாமான். அம்மாவின் துக்கத்தை அவன் இரவல் வாங்கி எழுதுகிறான், அம்மாவும் தன்னுடையதையே திரும்ப வாசித்து அழுகிறா.

அவனிடம் இப்படிக் கேளுங்கள்: "ராசா, உங்கட வீட்டுக் குப்பைவாளியை இரவில் எது வந்து திறக்கிறது?" ரொறன்ரோவில் ரக்கூன் என்று ஒரு பிராணி, கண்ணைச் சுற்றிக் கள்ளன்போல் கறுப்புக் கட்டியிருக்கும், அதன் கைக்குத் திறபடாத பச்சை வாளி செய்வதற்காக மாநகரசபையே மினக்கெட்டது. நீங்கள் குரங்கோடு படுகிற பாட்டை அவனுக்குச் சொல்லுங்கள், அவன் ரக்கூனோடு படுகிற பாட்டை உங்களுக்குச் சொல்லட்டும். ஒரு கவிதை அங்கே கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லுங்கள். ரொறன்ரோ என்கிற பெயர் அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒருவரான மொஹாக் மக்களின் மொழியில் இருந்து வந்தது. தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையில் பட்டமரங்கள் தண்ணீருக்குள் நிற்குமே, நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு அவற்றில் குந்தியிருக்குமே, அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிடுங்கள். கீழே ஒன்றும் எழுதவேண்டாம்.

நகரத்தில் இருக்கிற கவிஞர்கள் யானையை "நடக்கும் முகில்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். போன காலபோகத்தில் அந்த முகில் என்னுடைய ஒன்றரை ஏக்கரை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போனது. இவர்களை என்ன செய்யலாம்?
(விவசாயி, நெடுங்கேணி)

அண்ணை, ஒரு இரவு உங்கள் பரணில் படுக்கவைக்கலாம். யானைவெடியையும் அவர்கள் கையில் கொடுங்கள்.

பகிடி இருக்கட்டும். தூரத்தில் இருந்து பார்க்கிறபோது எதுவும் அழகாகத்தான் இருக்கும், இழப்பு இல்லாதவனுக்கு யானை எப்போதும் கம்பீரம். சங்கப் புலவர்களிடம் இந்தக் கோளாறு இல்லை என்பதைத்தான் சொல்லவேண்டும். குறிஞ்சியில் தினைப்புனம் காக்கிற பெண் இதணத்தில் ஏறி இருக்கிறாள், அதுதான் நமது பரண். கிளிக்குக் கவண், யானைக்குத் தீக்கொள்ளி. காதலே அந்தக் காவலுக்கு நடுவில்தான் நடக்கிறது, பயிர் அறுத்து முடிந்தால் காவலும் முடிந்துவிடும், பிறகு அவனைச் சந்திக்க வழியில்லை என்று அவள் கவலைப்படுகிறாள். விளைச்சலும் வேண்டும், விளைச்சல் முடியவும் கூடாது! இதை எழுதியவர்களுக்குப் பரணில் இருந்த அனுபவம் இருந்திருக்கவேண்டும், அல்லது இருந்தவர்களிடம் கேட்டிருக்கவேண்டும்.

நமது பக்கத்தில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் 1973இல் வந்தது, தண்ணிமுறிப்பில் நடக்கிற கதை. அதில் காடு ஒரு படச்சட்டம் மாதிரித் தொங்குவதில்லை, காட்டோடு சீவிக்கிறவர்களின் கை தெரியும். உங்கள் வீட்டில் வாசிக்கிற பிள்ளை இருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

நான் கிளிநொச்சியில் ஏ9 ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். பத்து வருடத்தில் எல்லாம் கண்ணாடிக் கட்டடமாகிவிட்டது. இதில் எழுத என்ன இருக்கிறது, இனி நமக்கென்று என்ன அடையாளம்?
(வாசகர், கிளிநொச்சி)

உங்கள் கடைப் பலகையை ஒருதரம் வெளியே வந்து வாசியுங்கள். ஊரின் பெயரில் ஒரு கிளி இருக்கிறது, ஒரு நொச்சி இருக்கிறது. பஸ்ஸில் ஏறி வடக்கே கொஞ்சம் போனால் கரடிப்போக்குச் சந்தி, இன்னும் போனால் ஆனையிறவு. தெற்கே வந்தால் மாங்குளம், புளியங்குளம். கொண்டக்டர் "கரடிப்போக்கு இறங்கு!" என்று கத்துகிறபோது ஒருவரும் சிரிப்பதில்லை, ஒருவரும் கரடியைத் தேடுவதும் இல்லை. நகரத்துக்குள் காடு இப்படித்தான் உயிரோடிருக்கும், ஆட்களின் வாயில்.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தது, நாகர்கோவில் பக்கத்துக் கதை. ஒரு குளம், குளத்துக்கு நடுவில் ஒரு புளியமரம். குளத்தைத் தூர்க்கிறார்கள், மரத்தைச் சுற்றி ரோட்டு வருகிறது, கடைகள் வருகின்றன, கடைக்காரருக்குள் போட்டி, தேர்தல், கடைசியில் மரம் சாகிறது. மரம் போனபின்னும் அந்தச் சந்திக்குப் பெயர் புளியமர ஜங்ஷன்தான். கடைக்காரரான உங்களுக்கு அது என்னைவிட நன்றாக விளங்கும், மரத்தைக் கொன்றது காற்றோ மழையோ கிடையாது, வியாபாரப் பொறாமையும் அரசியலும்.

நொச்சிக்கு வருகிறேன். நமக்கு அது தடிமன் வந்தால் ஆவி பிடிக்கிற இலை. பழைய இலக்கணத்தில் அது ஒரு புறத்திணையின் பெயர்: மதிலைக் காத்து நிற்கிறவர்கள் சூடுகிற பூ. புறநானூற்றில் 271ஆம் பாட்டு, வெறிபாடிய காமக்கண்ணியார் பாடியது. பெண்கள் இடுப்பில் தழையாக உடுத்திய நொச்சியை முன்பு பார்த்தோம், இன்றைக்கு அதையே வீரன் மாலையாகக் கட்டினான், வெட்டுப்பட்டு இரத்தத்தில் ஊறிக் கிடந்த அந்த மாலையை இறைச்சி என்று நினைத்துப் பருந்து தூக்கிக்கொண்டு போனது, அதையும் பார்த்தோம். அவ்வளவுதான் பாட்டு. இந்தப் பெயரைத் தாங்கிய ஊர் போரில் எத்தனை தடவை கைமாறியது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் இடம் இருந்தால் ஒரு நொச்சித்தடி ஊன்றிவிடுங்கள், தடி வைத்தாலே பிடிக்கும்.

வற்றாப்பளைப் பொங்கலை இலக்கியம் என்று சொல்லலாமா?
(வாசகி, முல்லைத்தீவு)

வற்றாப்பளையில் இருப்பவள் கண்ணகி அம்மன். அவள் நகரத்தை எரித்த கதை கடல் தாண்டி வந்து, நந்திக்கடல் ஓரத்தில் உப்புநீரில் விளக்கெரிக்கிற கதையாக மாறியிருக்கிறது. சிலப்பதிகாரம் புகாரும் மதுரையும் வஞ்சியுமாக மூன்று நகரங்களின் காப்பியம். இங்கே அது வைகாசி மாதத்துப் பொங்கல், பரவைக்கடல், நேர்த்திக்கடன், விடியவிடிய ஆடுகிற கோவலன் கூத்து. மதுரைக்காரருக்கு நெருப்பாக இருந்தவள் நமக்குக் குளிர்ச்சிக்கும் மழைக்கும் நேர்ந்துகொள்கிற அம்மன். புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் இலக்கியம் என்று யார் சொன்னது? கூத்துப் பார்க்கப் போனால் எனக்கும் பாயில் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.

எங்கள் ஒழுங்கை முடக்கில் நிற்கிற மரத்தின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன மரம்?
(வாசகர், வவுனியா)

படத்தில் முக்கால்வாசி உங்கள் மோட்டார்சைக்கிள். மிச்சத்தில் தெரிகிற இலையைப் பார்த்தால் மருது போலவும் இருக்கிறது, வீரை போலவும் இருக்கிறது. ஒரு சிறு கொப்பையும், காய் இருந்தால் காயையும் பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். அதற்கு முதல் அந்த ஒழுங்கையில் ஆடு மேய்க்கிற ஆச்சி யாராவது இருந்தால் அவவிடம் கேட்டுப்பாருங்கள், முத்திரைச் செலவு மிச்சம்.